பதினான்கு மாதம் குடிக்காமல் இருந்தேன், இப்போது மறுபடி: மருத்துவர் பதில்

கேள்வி: வயது 41, வடமராட்சியில் மேசன் வேலை. பதினான்கு மாதம் ஒரு சொட்டும் தொடவில்லை. வெளிநாட்டில் இருந்து தம்பி வந்த இரவு அவன் கொண்டுவந்த போத்தலில் தொடங்கியது. இப்போது ஆறு கிழமையாக ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் சாராயம். விடிய எழும்பினால் கை நடுங்குகிறது, கொஞ்சம் குடித்தால்தான் நிற்கிறது. முன்பு நிற்பாட்டியபோது ஒருமுறை வலிப்பு வந்தது. அப்போது கிளினிக்கில் தந்த, குடித்தால் சத்தி வரும் குளிசை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நல்லூர்க் கொடியேற்றத்தோடு நிற்பாட்டுவதாக மனைவிக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். வீட்டிலேயே அந்தக் குளிசையைப் போட்டு நிற்பாட்டலாமா? கடைசி ஐந்து மாதமாகக் கிளினிக்கிற்குப் போகவில்லை. இந்த முகத்தோடு திரும்பிப் போக வெட்கமாக இருக்கிறது.

பதில்: அந்தக் குளிசையைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்வது டைசல்பிராம் என்ற மருந்தாக இருக்க வேண்டும். மது ஈரலில் உடையும்போது இடையில் ஒரு நச்சுப்பொருள் உண்டாகிறது. சாதாரணமாக அது உடனே அழிந்துவிடும். இந்தக் குளிசை அதை அழியவிடாமல் தடுக்கிறது. உடம்பில் மது இருக்கும்போது போட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். சிலருக்கு உயிராபத்தாகவும் முடியும். கடைசியாகக் குடித்து 24 மணித்தியாலமாவது போன பிறகு, வைத்தியர் சோதித்துத்தான் இதைத் தொடங்குவார். உங்கள் கை நடுக்கத்தையும் வலிப்பையும் இது தடுக்காது. மனைவி உங்களுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து தருவதும் கூடவே கூடாது. இந்த மருந்தை எடுக்கும் காலத்திலும், நிற்பாட்டி இரண்டு கிழமை வரையிலும் மது உள்ள ஆயுர்வேத அரிட்டம், மது கலந்த இருமல் பாணி போன்றவையும் ஆகாது.

அடுத்தது, சடுதியாக நிற்பாட்டுவது. அரைப் போத்தல் என்றால் 375 மில்லிலீற்றர். சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு மது. ஆகவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் சுத்த மதுசாரம் உங்கள் உடம்பில் இறங்குகிறது. மூளை அதற்குப் பழகிவிட்டது. அதைத் திடீரென எடுத்தால் 6 மணித்தியாலத்திற்குள்ளேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணித்தியாலத்திற்குள் வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் குழம்பி, இல்லாததைக் கண்டு பயந்து, காய்ச்சலோடு புலம்பும் நிலை வரலாம். அது மரணத்தில் முடியக்கூடியது. குடித்து நிற்பாட்டி, மறுபடி குடித்து நிற்பாட்டும் ஒவ்வொரு முறையும் இந்த விளைவுகள் முன்னையதை விடக் கடுமையாக வரும் போக்கு உண்டு. உங்களுக்கு ஏற்கனவே வலிப்பு வந்திருக்கிறது. அதனால் வீட்டில் நிற்பாட்டும் ஆள் நீங்கள் இல்லை. கொடியேற்றம் வரை காத்திருக்கவும் வேண்டாம். போயா நாளில் கடை பூட்டியிருப்பதால் தற்செயலாக நின்றுபோவதும் இதே ஆபத்துத்தான், அந்த நாளில் கசிப்பை, அதாவது கள்ளச் சாராயத்தை, தேடிப் போவது அதைவிடப் பெரிய ஆபத்து. வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் வரை அளவைக் கூட்டாதீர்கள், அடியோடு வெட்டவும் வேண்டாம். மோட்டார் சைக்கிள் ஓடவும், வேலையில் சாரத்தில் ஏறவும் வேண்டாம்.

வலிப்பு, குழப்பம், இல்லாத உருவம் தெரிதல், இரத்தச் சத்தி, கண் தடுமாறி நடை தள்ளாடுதல் இவற்றில் எது வந்தாலும் 1990 அம்புலன்சைக் கூப்பிடச் சொல்லி மனைவியிடம் இன்றே சொல்லி வையுங்கள். அது இலவசம்.

போக வேண்டிய இடம் உங்கள் பழைய கிளினிக்தான். உங்கள் கோப்பு அங்கே இருக்கிறது, எந்த மருந்து ஒத்து வந்தது என்பதும் அதில் இருக்கும். அங்கே உடனே போக முடியாவிட்டால் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே போங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. நாளை காலையே போங்கள். கிளினிக் கொப்பியையும் முன்பு தந்த நோய் நிர்ணய அட்டையையும் கொண்டுபோங்கள். வரிசையில் நின்று வைத்தியர் முன்னால் இருக்கும்போது வாய் அடைத்துப் போகும். அதனால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: "ஆறு கிழமையாக நாளுக்கு அரைப் போத்தல். கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு. முன்பு நிற்பாட்டியபோது வலிப்பு வந்தது." கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் உங்களை வார்டில் வைப்பதா என்று முடிவு செய்வார்கள். அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறைந்துவிடும்.

அங்கே டயசபாம் அல்லது குளோர்டயசிபொக்சைட் போன்ற மருந்தை முதலில் கூடுதலாகத் தந்து, ஐந்து தொடக்கம் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிற்பாட்டுவார்கள். யாரோ தந்த நித்திரைக் குளிசையை நீங்களாகப் போடுவது இதற்கு ஈடாகாது. மதுவோடு சேர்ந்தால் அது மூச்சையே நிற்பாட்டக்கூடும். கூடவே தயமின் என்ற விற்றமின் பி1 கட்டாயம் தேவை. பலரும் 'ஒரு சேலைன் ஏத்தினால் சரி' என்று தனியார் இடங்களுக்குப் போகிறார்கள். தயமின் வறண்டுபோன உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், இருக்கும் கொஞ்சத் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். போகும் இடத்தில் தயமினைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

இனி வெட்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த ஐந்து மாத வரியைத்தான். தம்பி போத்தலைத் திறந்தது ஆறு கிழமைக்கு முன்பு. உங்களைத் தாங்கி நின்ற கை விலகியதோ அதற்கும் மாதங்களுக்கு முன்பு. நன்றாக இருக்கிறோம், இனிக் கிளினிக் எதற்கு என்று நின்றிருப்பீர்கள். மறுபடி விழுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் மன உறுதி போய்விட்டதா என்று தேடாதீர்கள். என்ன ஆதரவு நின்றுபோனது என்று பாருங்கள். பதினான்கு மாதம் இருந்தது பொய்யல்ல. சனிக்கிழமைக் கூலியை யார் வாங்கினார்கள், பின்னேரத்தில் எங்கே இருந்தீர்கள், யாரோடு கதைத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்கில் காட்டுங்கள். உங்களுக்கு எது வேலை செய்யும் என்பதை அதைவிட நன்றாகக் காட்டும் பரிசோதனை எங்களிடம் இல்லை.

மனைவிக்குச் செய்த சத்தியம் நல்ல மனத்தோடு செய்ததுதான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் தொடாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தீர்த்தம் முடிந்த பிறகு வரும் முதலாவது சனிக்கிழமைக்குச் சத்தியத்தில் பதில் இல்லை. அதற்கு ஆட்கள் வேண்டும். கிளினிக் திகதியை முதல் மாதம் கிழமைக்கு ஒருமுறை கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஏஏ எனப்படும் குடிநோயாளர் கூட்டங்களில் பெயர் கேட்கமாட்டார்கள், காசும் கட்ட வேண்டியதில்லை. கிட்ட நடக்கிறதா, தமிழில் தொலைபேசி வழியாகவோ இணையத்திலோ சேரலாமா என்று உளநலப் பிரிவில் கேளுங்கள். இரவில் யாரும் இல்லாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல இலக்கம் 24 மணித்தியாலமும் இருக்கிறது. இவற்றுக்கு மேல், பின்னேரம் ஆறு மணிக்கு நீங்கள் எடுத்தால் பேசக்கூடிய ஒருவரின் பெயர் வேண்டும். குடிக்க வேண்டும் என்ற உந்தல் அலைபோல வந்து பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணியும். அந்த நேரத்துக்குத்தான் அவர்.

கூலியைக் கொந்தராத்துக்காரர் மனைவியின் கணக்கில் போடட்டும். வேலை முடிந்ததும் வெறுவயிற்றோடு நிற்காதீர்கள், பசியையும் குடி உந்தலையும் உடம்பு குழப்பிக்கொள்ளும். செத்தவீட்டுக்குப் போகத்தான் வேண்டும். காலையில் போய், இருட்ட முன் திரும்புங்கள். யாரும் வற்புறுத்தினால் "மருந்து எடுக்கிறன், குடிச்சால் ஆஸ்பத்திரிதான்" என்றால் போதும். கள்ளுக்கும் இதே பதில்தான். நித்திரை சரியாவதற்குப் பல கிழமை ஆகலாம், அதை எதிர்பார்த்திருங்கள்.

இன்னொன்றையும் நேராகக் கேட்கிறேன். வெட்கத்தில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா? வந்திருந்தால் அதையும் அந்தத் துண்டில் எழுதுங்கள். வந்தாலும் வராவிட்டாலும், வீட்டில் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்து இருந்தால் அதை இன்றே வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

தம்பி இன்னும் ஊரில்தான் நிற்கிறார் என்றால், கொண்டுவந்ததற்காக அவரை ஏசுவதில் பயனில்லை. வீட்டில் மிச்சம் இருக்கும் போத்தல்களை அவர் எடுத்துப் போகட்டும். நாளை காலை ஓட்டோ பிடித்து, உங்களோடு கிளினிக் வாங்கில் இருக்க வேண்டியவரும் அவர்தான். இன்று இரவே கேளுங்கள்.