தூண்டில் திண்ணை: ஐந்து மணி நேரத்தில் ஆறு மீன்

கேள்வி: ஐயா, என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். இந்த ஜனவரிக் குளிரில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பணம் கட்டிக் கால்வாய்க் கரையில் தூண்டில் போட்டிக்கு உட்காருகிறானாம். பிடித்த மீனையும் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். நல்ல சம்பளம் வாங்குகிற பையன் செய்கிற காரியமா இது? நீங்கள் அங்கே போய் வந்தவர் என்பதால் கேட்கிறேன்.
– சூரமங்கலம் வாசகர்

பதில்: பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். நானும் அதே காரியத்தைச் செய்துவிட்டு வந்தவன்தான்.

பெண்ணின் இரண்டாவது பிரசவத்துக்கு நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். அவளுக்குப் பத்தியச் சமையல், குழந்தைக் குளியல் என்று நாள் முழுக்க வேலை. எனக்கு ஜன்னலைப் பார்ப்பதுதான் வேலை. பார்க்கச் சகிக்காமல், மாப்பிள்ளை தன்னோடு வேலை செய்கிற ஒருவரிடம் என்னைப் பிடித்துக் கொடுத்தார். அவர் ஒரு மீன்பிடிச் சங்கத்தில் உறுப்பினர். அங்கே சங்கத்தின் அனுமதி தனி, அரசாங்க லைசென்ஸ் தனி. பதின்மூன்று வயது ஆகிவிட்டால் லைசென்ஸ் இல்லாமல் கோலைத் தொடக்கூடாது. மாப்பிள்ளை எனக்கு ஒரு நாள் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

காலை எட்டு மணிக்கு ஒரு டீக்கடையில் எல்லோரும் கூடினார்கள். வறுத்த முட்டையும் பீன்ஸும் சாப்பிட்டு முடித்ததும் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. நம் ஊர்க் குலுக்கல் சீட்டு மாதிரி ஆளுக்கு ஒரு எண்ணை எடுக்க வேண்டும். கரையில் எண் போட்ட குச்சிகள் நட்டிருக்கும். உங்கள் குச்சிக்கு நேரே உள்ள தண்ணீர்தான் அன்றைக்கு உங்கள் பூமி, பக்கத்து வீட்டு வாசலில் கோலம் போட முடியாது. சீட்டைப் பிரித்ததுமே சிலர் முகம் தொங்கிவிட்டது. குளிர்காலத்தில் மீன்கள் பரவி மேயாமல் ஒரே இடத்தில் கும்பலாக ஒடுங்கிக் கிடக்கும். அந்தக் கும்பல் உங்கள் குச்சிக்கு முன்னால் இல்லையென்றால் என்ன வித்தை காட்டினாலும் பருப்பு வேகாது. வரிசையின் கடைசி எண்ணுக்குத்தான் எல்லோருக்கும் ஆசை, ஒரு பக்கம் பங்காளி கிடையாதல்லவா! எனக்கு வந்தது 17, நட்டநடு.

கால்வாயின் மேல் பால் ஏடு மாதிரி மெல்லிய பனிக்கட்டி. கயிற்றில் கட்டிய இரும்பு எடையை வீசி வீசி இழுத்து அதை உடைத்தார்கள். இதற்கே எனக்கு விரல் மரத்துவிட்டது.

ஆனால் கோலைப் பார்த்ததும் குளிர் மறந்தது. ரீல் கிடையாது. நுனியில் நரம்பு, நரம்பில் தக்கை, கீழே முள். நம் மூங்கில் தூண்டிலேதான்! என்ன, அது கார்பன், துண்டு துண்டாகச் செருகிக்கொண்டே போனால் 13 மீட்டர், நம் கணக்கில் நாற்பத்திரண்டரை அடிக்கு மேல். மீன் மாட்டியதும் கோலைத் தூக்காமல் உருளை மேல் பின்னால் தள்ளித் தள்ளி, துண்டுகளைக் கழற்றி, மீனைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். நரம்பு 0.1 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. முள் 20ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும், எறும்பின் காலை வளைத்துக் கொடுத்தது போல இருந்தது.

இரை என்ன தெரியுமா? கடை ரொட்டி. வெள்ளை ரொட்டித் துண்டில் சிறு பித்தளைக் குழாயை அழுத்தினால் மிளகுப் பருமனில் ஒரு வில்லை வரும். அதை முள்ளில் குத்தினால் தண்ணீரில் ஊறிப் பூத்துக்கொள்ளும். மீனைக் கூட்டிவர, ரொட்டியை மிக்ஸியில் தண்ணீர் விடாமல் பொடித்து, கொஞ்சம் அழுத்திப் பிடித்து, கோலின் நுனியில் மாட்டிய சின்னக் கிண்ணத்தில் வைத்து நடுக் கால்வாயில் கவிழ்க்க வேண்டும். படகு போகிற அந்த நடுப்பாதைதான் ஆழம். குளிரில் மீன் அங்கேதான் இறங்கியிருக்கும்.

பத்து மணிக்கு விசில். நான் செய்த தப்பு அந்த முதல் நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது. எங்கள் சேலத்து மூக்கனேரியில் ஜிலேபி மீனுக்குத் தவிடும் புண்ணாக்கும் கை நிறைய அள்ளி வீசிப் பழகிய கை இது. அங்கேயும் எலுமிச்சம்பழ அளவில் மூன்று உருண்டை கவிழ்த்தேன். அரை மணியில் நாலு மீன். ரோச் என்கிற வெள்ளி நிறச் சின்ன மீன், சிவந்த துடுப்பு, நம் கெண்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. சேலத்துக்காரன் என்றால் சும்மாவா என்று மனதுக்குள் மீசையை முறுக்கினேன். அப்புறம் தக்கை ஆணி அடித்ததுபோல் நின்றது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. ஒரு அசைவு இல்லை.

மீனுக்கு உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். நாலைந்து டிகிரித் தண்ணீரில் அதன் வயிறு ஏறக்குறைய உறக்கத்தில் இருக்கும். இங்கே நாள் முழுக்க மேய்கிற ஜாதி, அங்கே ஜனவரியில் நாலு வாய் தின்றால் போதும் என்று ஒதுங்கிவிடும். அந்த நாலு வாயையும் நானே முள்ளில்லாமல் ஊட்டிவிட்டேன். குறைவாகப் போட்டவன் பிறகு கூட்டிக்கொள்ளலாம், போட்டதை யார் முங்கி எடுப்பது?

பக்கத்து எண்ணில் எழுபது வயதுக்காரர் ஒருவர். அவர் கவிழ்த்தது ஒரே ஒரு சுண்டைக்காய் அளவு. அதோடு, ஆரம்பத்திலிருந்தே எதிர்க்கரை ஓரமாக இன்னொரு இடத்தில் நாலைந்து ஈப்புழுவை மட்டும் அவ்வப்போது போட்டுக்கொண்டே இருந்தார், அங்கே தூண்டில் போடாமல். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நடுவில் ரொட்டிக்குக் கடி நின்றதும் கோலை அப்படியே அங்கே நகர்த்தினார். காத்திருந்த மீன் வரிசையாக வந்தது. காலையிலேயே மத்தியானத்துக்கு உலை வைத்திருக்கிறார் மனிதர்! ஒரு மணிக்கு மேல் நானும் வெட்கமில்லாமல் காப்பியடித்து, இரண்டு மீன் பிடித்தேன்.

மூன்று மணிக்கு முடிவு விசில். அதுவரை மீனெல்லாம் தண்ணீரில் தொங்குகிற நீள வலைப்பைக்குள் உயிரோடு இருக்கும். தராசோடு வந்து, ஈரப்பையில் கொட்டி நிறுத்து, உடனே கால்வாயில் விட்டுவிடுவார்கள். பவுண்டு, அவுன்ஸ் கணக்கு. என் ஆறும் சேர்ந்து 5 அவுன்ஸ், நூற்று நாற்பது கிராம். பக்கத்துக்காரர் 3 பவுண்டு 9 அவுன்ஸ், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே. அவருக்கே இரண்டாம் இடம்தான். முதலிடம், நீங்கள் நினைத்ததுதான், கடைசிக் குச்சிக்காரர். வெறும் வலையோடு இரண்டு பேர் தராசு வருவதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டதால் நான் கடைசி இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். கட்டிய பணத்தையே சேர்த்து முதல் சில பேருக்கு உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி கேட்டாள்: “குழம்புக்கு எங்கே?”

உங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமை போகட்டும். கையுறை மட்டும் இரண்டு ஜோடி வாங்கி அனுப்புங்கள், ஒன்று எப்படியும் நனையும்.

கேள்வி: இங்கிலாந்தில் இப்படி மீன் பிடிப்பதைக் ‘கோர்ஸ் ஃபிஷிங்’ என்கிறார்களே, கரடுமுரடான மீனா?
– குகை வாசகர்

பதில்: இல்லை. சால்மன், டிரவுட் மாதிரி மீன்களை அந்தக் காலப் பெரிய மனிதர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள், அவை ‘கேம்’. ரோச், பிரீம், பெர்ச், கார்ப் என்று மீதி நன்னீர் மீனெல்லாம் ‘கோர்ஸ்’. மீனிலும் பந்தி பிரித்திருக்கிறார்கள். இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீனுக்குத் தூண்டில் போடத் தடை.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்துக் குளத்தில் மார்கழி வந்தால் தக்கை அசையவே மாட்டேன் என்கிறது. கீழே சேலத்தில் அண்ணன் கூடை கூடையாகப் பிடிக்கிறார். என் கையில் ராசி இல்லையா?
– ஏற்காடு வாசகி

பதில்: ராசி உங்கள் அண்ணனுக்கு இல்லையம்மா, அவர் ஊர் வெயிலுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மனிதனே ஸ்வெட்டர் தேடுகிறான். ஜிலேபி வெயில் நாட்டு மீன், தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே போனால் ஏறக்குறைய வாயை மூடிக்கொள்ளும். விடிகாலையில் போய் உட்காராதீர்கள். பதினொரு மணிக்கு மேல், வெயில் விழுகிற பக்கம் போடுங்கள். பொடி முள், அரை மண்புழு போதும். தவிடு ஒரு சிட்டிகை, அண்ணன் வீசுகிற மாதிரி வேண்டாம்.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து பொங்கல் லீவில் இப்படி ஒரு போட்டி வைக்கலாமா?
– கன்னங்குறிச்சி இளைஞர்கள்

பதில்: வையுங்கள் தம்பிகளா. முதலில் ஏரி யார் பொறுப்பு, மீன் குத்தகை யாரிடம் என்று விசாரித்து அனுமதி வாங்குங்கள். ஆளுக்குப் பத்து மீட்டராவது இடைவெளி. மீனைச் சிமெண்டுச் சாக்கில் போடாதீர்கள், செதில் உரிந்துவிடும். முடிச்சில்லாத மெல்லிய வலை வேண்டும். ஜிலேபியின் முதுகு முள் கையைக் கிழிக்கும், தலைப் பக்கத்திலிருந்து தடவிப் பிடியுங்கள். நிறுத்த பிறகு திரும்ப விடுவதா, குழம்பு வைப்பதா என்று மட்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஜிலேபி வெளிநாட்டிலிருந்து வந்து நம் ஏரிகளை அடைத்துக்கொண்ட மீன். என் ஓட்டு குழம்புக்கு.

கேள்வி: மயிலிறகில் தக்கை செய்யலாம் என்கிறார்களே?
– ஆத்தூர் வாசகர்

பதில்: செய்யலாம். இங்கிலாந்திலும் மயிலிறகுத் தண்டில் தக்கை செய்யும் வழக்கம் உண்டு. உதிர்ந்து கிடக்கிற இறகாக இருக்க வேண்டும், மயிலிடம் நேரில் கேட்கப் போனால் வனத்துறை உங்களைக் கேட்கும். இழைகளை உரித்து, தண்டில் விரல் நீளம் வெட்டி, இரண்டு முனையிலும் துளி கோந்து வையுங்கள். சைக்கிள் வால்டியூபில் பொடிப் பொடியாக இரண்டு வளையம் நறுக்கி மாட்டினால் நரம்பு நழுவாது. மேல் நுனிக்குச் சிவப்பு நகப்பூச்சு. கேட்டுவிட்டு எடுங்கள், நான் கேட்காமல் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.