சாமி கும்பிடாதவர் அலுமாரியில எதுக்கு தேவாரமும் பைபிளும்?

கேள்வி: அக்கா, நாங்க பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கோம். என் வீட்டுக்காரர் மாஸ்டர். சாமி இல்லன்னு வெளிப்படையாவே சொல்லுவாரு, திருவிழாவுக்கு சந்தா குடுப்பாரு ஆனா கும்பிட மாட்டாரு. அப்படிப்பட்டவரோட அலுமாரியில பைபிள், தமிழ் குர்ஆன், கீதை, தேவாரம், அவங்கப்பா வச்சிருந்த பழைய பாரதம் எல்லாம் இருக்கு, ராத்திரியில எடுத்து வாசிக்கிறாரு. இவன் வேதத்துக்கு, அதான் கிறிஸ்தவத்துக்கு, மாறப் போறான்னு மாமி அழுவுறாங்க. அவரோட கூட்டாளிமார் நீயெல்லாம் ஒரு நாத்திகனான்னு கேக்குறாங்க. ஓ.எல். படிக்கிற மகளும் இதையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கா. எனக்கு ஒண்ணும் புரியல, நான் என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, மாமிகிட்ட முதல்ல இதச் சொல்லுங்க. மதம் மாறப் போறவங்க ஒரு புத்தகத்தத்தான் நெஞ்சோட அணைச்சுக்குவாங்க, அஞ்சு புத்தகத்த ஒரே அலுமாரியில வச்சு மாத்தி மாத்தி வாசிக்க மாட்டாங்க. அழ வேண்டியதில்ல.

ஒரு புத்தகத்த நம்பாமலே அத ஆழமா வாசிக்கிறது நம்ம நாட்டுல புதுசும் இல்ல. மகளோட சைவநெறி புத்தகத்துல ஆறுமுக நாவலர் வருவாருல்ல, அவரு யாழ்ப்பாணத்துல பேர்சிவல் பாதிரியாரோட சேந்து பைபிள தமிழாக்க உதவி செஞ்சவரு, ஆனா கடைசி வரைக்கும் சைவராத்தான் இருந்தாரு, 1854ல சைவ தூஷண பரிகாரம் எழுதி மிஷனரிமாருக்கு பதில் சொன்னப்போ அவங்க பைபிள்ல இருந்தே எடுத்துக் காட்டி வாதாடுனாரு. மெட்ராஸ் ஹைகோர்ட் தலைமை நீதிபதியா இருந்த மு.மு.இஸ்மாயில் முஸ்லிம், கம்பராமாயணத்துல அவரு பெரிய அறிஞர். சாமியே இல்லன்னவங்கள்ல பாத்தா டொக்டர் ஆபிரகாம் கோவூர், கேரளாவுல ஒரு பாதிரியார் வீட்டுப் பிள்ளை, நம்ம நாட்டுல வந்து படிப்பிச்சு, அற்புதம் செஞ்சு காட்டுறவங்களுக்கு ஒரு லட்சம் ரூபா தாறேன்னு சவால் விட்டவரு. அவரு பைபிள் தெரியாம வளந்தவரா? அமெரிக்காவுல 2010ல பியூ ஆய்வு மையம் சமய அறிவப் பத்தி 32 கேள்வி கேட்டுப் பாத்தப்போ பொதுவா ஆளுக்கு 16 சரி வந்துச்சு, கடவுள் இல்லன்னோ இருக்காரான்னு தெரியாதுன்னோ சொன்னவங்களுக்கு கிட்டத்தட்ட 21. வாசிச்சு யோசிச்சுத்தான் பல பேர் அந்த முடிவுக்கு வாறாங்கன்னு நான் நினைக்கிறேன்.

கூட்டாளிமாருக்கும் இதுதான் பதில். நாத்திகன்னா புத்தகத்தத் தொடக் கூடாதுங்கிறது இன்னொரு விரதம், அவ்வளவுதான்.

சரி, அப்படி என்னதான் இருக்கு அதுல? தேவாரத்துல அப்பர எடுத்துக்குங்க. பல்லவ ராஜா ஆளனுப்பி கூப்பிட்டப்போ அவரு பாடுனது 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்'. யாருக்கும் நாங்க அடிமை இல்ல, எமனுக்கும் பயம் இல்லன்னு ராஜா அனுப்புன ஆளுங்க மூஞ்சிக்கு நேரா சொன்ன பாட்டு. தொரைக்கும் கங்காணிக்கும் பயந்து காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல கைகட்டி நின்ன பரம்பரை நம்முது, 1948ல ஒரு சட்டத்தால பிரஜாவுரிமையும் போச்சு. அந்தப் பரம்பரையில வந்த ஒரு மனுசன் ராத்திரியில இத வாசிச்சா அவருக்கு ஒடம்பு சிலுக்காதா, அதுக்கு சிவன நம்பியே ஆகணுமா? பைபிள்ல யோபுன்னு ஒரு பகுதி இருக்கு, ஒரு பிழையும் செய்யாத மனுசன் பிள்ளைகள இழந்து, ஒடம்பு முழுக்க புண்ணா, சாம்பல்ல உக்காந்து ஏன் எனக்கு இப்படின்னு கடவுளையே நேரா கேக்குறான், பக்கத்துல இருக்குற கூட்டாளிங்க நீ ஏதோ பாவம் செஞ்சிருப்பேன்னு சொல்லச் சொல்ல அவன் ஒத்துக்கவே மாட்டான். சாமி இல்லன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேரு மனசுல கிடக்குற கேள்வி அதுதான், அத இவ்வளவு கோவமா கேட்ட புத்தகத்த அவங்க ஏன் தூக்கிப் போடணும்?

அவங்கப்பாவோட பாரதம் வேற கதை. லயத்துல ஒருத்தர் வாசிக்க, எழுத்து தெரியாத சனம் இஸ்தோப்புல உக்காந்து கேட்ட புத்தகம் அது, அருச்சுனன் தபசு கூத்து ஆடுற நம்ம சனத்துக்கு சாமி புத்தகம்ங்கிறதுக்கு மேல அது. அவரு அதுல சாமிய தேடல, அப்பாவத் தேடுறாரோ என்னவோ. ஊகம்தான், நீங்க அவருகிட்டயே கேளுங்க. சண்டை போடுற மாதிரி கேக்காம, இன்னைக்கு எந்த இடம் வாசிச்சீங்கன்னு கேளுங்க.

ஒண்ணு மட்டும், வாசிச்சு வாசிச்சு மனசு மாறிருவாருன்னு எதிர்பாத்து இருக்காதீங்க. கண்ணதாசன் கம்பராமாயணத்த எதிர்த்துப் பேசத்தான் எடுத்தாரு, கடைசியில அர்த்தமுள்ள இந்துமதம் எழுதுனாரு. பெரியாரும் ராமாயணத்த பாத்திரம் பாத்திரமா அலசுனவருதான், அவரு கடைசி வரைக்கும் மாறல. உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் போவாருன்னு யாருக்கும் தெரியாது, அது அவரோட வழி.

அவருகிட்டயும் ரெண்டு விஷயம் கேக்கலாம். மாமி சாமி தட்டுல வச்சிருக்குற தேவாரத்த படுக்கைக்கு எடுத்துட்டுப் போறாருன்னா, வேணாம், தனக்குன்னு வேற ஒண்ணு வாங்கிக்கட்டும். குர்ஆன மேல் தட்டுல வைக்கச் சொல்லுங்க, முஸ்லிம் ஆளுங்க வீட்டுக்கு வந்தா கீழ கிடக்குறதப் பாத்து மனசு நோகும். இதெல்லாம் நம்பாதவரும் செய்யலாம், அடுத்தவங்களுக்காக. பிறகு அந்த பாரதத்த மாமிக்கு கேக்குற மாதிரி சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, அது அவங்க புருசன் வாசிச்ச புத்தகமும்தானே.

மகளப் பத்தி பயப்படாதீங்க. ஓ.எல்.லுக்கு சமயம் கட்டாயப் பாடம், இத்தனையும் வாசிச்ச ஒரு மாஸ்டர் வீட்டுலயே இருக்குறப்போ டியூஷனுக்கு எதுக்கு காசு? அவரே சொல்லிக் குடுக்கட்டும், நம்புறதா இல்லையாங்கிறத அவ வளந்து பாத்துக்குவா.