முன் சர்வே, பின் சர்வே: டி-டெஸ்ட்டா, வில்காக்சனா, கை-வர்க்கமா?

எட்டாம் வகுப்பில் 40 பேரிடம் கணக்குப் பயம் பற்றி ஒரு சர்வே, ஆறு வாரம் செயல்வழியில் பாடம் நடத்தியபின் அதே சர்வே. பத்துக் கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகளில் பதில். கடைசியில் ‘பரீட்சை என்றால் பயமா?’ என்று ஆம்/இல்லை கேள்வி ஒன்று. வழிகாட்டி டி-டெஸ்ட் (சராசரிகளை ஒப்பிடுவது) என்கிறார், சீனியர் வில்காக்சன் (வித்தியாசங்களைத் தரவரிசைப்படுத்திப் பார்ப்பது) என்கிறார், இன்னொருவர் கை-வர்க்கம் (எண்ணிக்கைகளை ஒப்பிடுவது) என்கிறார், எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எம்.எட். ஆய்வேடுகளுக்குப் புள்ளியியலில் உதவி செய்பவன் நான். இந்தக் கேள்வியோடு யார் வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரே பிள்ளையின் முன் தாளையும் பின் தாளையும் உங்களால் ஜோடி சேர்க்க முடியுமா? வரிசை எண்ணோ ஏதாவது குறியீடோ இரண்டிலும் இருக்கிறதா? சோதனையின் பெயரெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உங்கள் ஆம்/இல்லை கேள்வியிலேயே பார்க்கலாம். முன்பு 25 பேர் ‘பயம்’ என்றார்கள், பின்பு 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்கள் இரண்டு விதமாக வந்திருக்கலாம். பத்துப் பேருக்குப் பயம் போனது, புதிதாக யாருக்கும் வரவில்லை. அல்லது இருபது பேருக்குப் போனது, ஆனால் முன்பு பயமில்லாத பத்துப் பேருக்குப் புதிதாக வந்துவிட்டது. வகுப்பறையில் இவை இரண்டும் முற்றிலும் வேறு நிகழ்ச்சிகள். மாறியவர்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் மெக்நெமார் சோதனையில் (1947இல் வந்தது) முதல் நிலைக்கு பி மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் வரும் வாய்ப்பு; வழக்கமாக 0.05க்குக் கீழே இருந்தால் மாற்றம் உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள்) சுமார் 0.002, இரண்டாவதற்குச் சுமார் 0.10. சாதாரணக் கை-வர்க்கமோ, முன்பு 40 பேர், பின்பு வேறு 40 பேர் என்று நினைத்துக்கொண்டு இரண்டுக்கும் ஒரே விடையைத் தரும். அதனால் உங்கள் ஆம்/இல்லை கேள்விக்கு மெக்நெமார்தான். மாறியவர்கள் குறைவாக, உத்தேசமாக 25க்குக் கீழே இருந்தால், அதன் துல்லிய வடிவத்தை (மென்பொருளில் ‘எக்ஸாக்ட்’ என்று இருக்கும்) தேர்ந்தெடுங்கள்.

பத்துக் கூற்றுகளுக்கு வருவோம். பயமில்லை என்கிற தொனியில் உள்ள எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்பி (5ஐ 1 ஆக, 4ஐ 2 ஆக) மதிப்பிட்டுக் கூட்டினால் ஒவ்வொருவருக்கும் 10 முதல் 50 வரை ஒரு மொத்தம் கிடைக்கும். அதற்கு உங்கள் வழிகாட்டி சொல்வது சரி, ஆனால் பேர்டு டி-டெஸ்ட், அதாவது ஜோடிகளுக்கான டி-டெஸ்ட். 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் காசெட் எழுதிய கட்டுரையிலேயே இதற்கு உதாரணம் உண்டு: பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள், ஒவ்வொன்றாலும் கூடுதலாகக் கிடைத்த தூக்க நேரம். அந்தத் தரவு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ‘ஸ்லீப்’ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. ஜோடியாகக் கணக்கிட்டால் பி 0.003. தனித்தனிக் குழுக்களாகக் கணக்கிட்டால் 0.079. எண்கள் அதேதான். ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைக் கழித்துவிடுவதால்தான் முதல் கணக்கில் மாற்றம் பளிச்சென்று தெரிகிறது.

ஆய்வேடுகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. முன் மதிப்பெண்ணுக்கும் பின் மதிப்பெண்ணுக்கும் தனித்தனியாக ஷபிரோ-வில்க் (தரவு இயல்நிலைப் பரவலில், அதாவது மணி வடிவில், இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டு, ஒன்று அப்படி இல்லை என்றதும் டி-டெஸ்ட்டையே கைவிட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வித்தியாசங்களை. ஒவ்வொருவருக்கும் பின் கழித்தல் முன் கணக்கிட்டு, அந்த 40 எண்களுக்கு ஒரு வரைபடம் போடுங்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் எங்கோ தூரத்தில் நிற்காமல், ஓரளவு சமச்சீராக இருந்தால் போதும். மோசமாகக் கோணலாக இருந்தால் வில்காக்சன் குறியிட்ட தரவரிசைச் சோதனைக்குப் போகலாம், ஆனால் அதுவும் வித்தியாசங்கள் ஓரளவு சமச்சீராக இருப்பதை எதிர்பார்க்கும்.

தனிக் கூற்று ஒன்றை மட்டும் ஆராய வேண்டுமென்றால் சீனியர் சொன்ன வில்காக்சன் நல்ல தேர்வு. ஐந்து நிலைப் பதிலில் நிறையப் பேர் இரண்டு முறையும் ஒரே கட்டத்தில் டிக் போடுவார்கள். வழக்கமான வில்காக்சன் அவர்களை விட்டுவிட்டுத்தான் கணக்கிடும். 40 பேரில் 25 பேர் மாறவில்லை என்றால் உங்கள் முடிவு 15 பேரை வைத்து வந்தது. அந்த எண்ணை அவசியம் எழுதுங்கள். பத்துக் கூற்றுக்கும் பத்துச் சோதனை போட்டு, 0.05க்குக் கீழே வந்த ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிக்காதீர்கள். மொத்த மதிப்பெண்தான் முதன்மை முடிவு என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுவது நல்லது.

தாள்களில் அடையாளமே இல்லையென்றால்? கட்டில் இருக்கும் வரிசையிலோ மதிப்பெண் வரிசையிலோ ஜோடி சேர்க்கவே கூடாது. அது தரவை இட்டுக்கட்டுவதுதான். தனிக் குழுக்களுக்கான டி-டெஸ்ட்டோ, தனிக் குழுக்களுக்கான தரவரிசைச் சோதனையான மான்-விட்னியோ செய்து, இரண்டும் ஒரே பிள்ளைகள்தான், ஜோடி சேர்க்க முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். இப்படிச் செய்தால் உண்மையான மாற்றம்கூடப் பெரும்பாலும் மங்கித்தான் தெரியும். பெயர் கேட்டால் பிள்ளைகள் மனம் திறக்க மாட்டார்கள் என்று தோன்றினால், அடுத்த முறை அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, வீட்டுக் கதவு எண்ணின் கடைசி இலக்கம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குறியீடு எழுதச் சொல்லலாம். இரண்டில் ஒரு நாள் வராதவர்களை ஜோடிக் கணக்கில் சேர்க்க முடியாது, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று குறிப்பிடுங்கள்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஜாமோவி இலவசம், மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. எக்செல்லில் செய்தால் டி-டெஸ்ட் சூத்திரத்தின் கடைசி எண் 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் ஜோடி.

முடிவை எழுதும்போது பி மதிப்போடு நின்றுவிடாமல், பயம் சராசரியாக எத்தனை மதிப்பெண் குறைந்தது, 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான சராசரி மாற்றம் எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) என்ன என்பதையும் கொடுங்கள். ஒப்பீட்டு வகுப்பு இல்லாததால் ‘செயல்வழிக் கற்பித்தலால் குறைந்தது’ என்று எழுத முடியாது, ‘அந்த ஆறு வாரங்களில் குறைந்தது’ என்றுதான் எழுதலாம். பக்கத்துப் பிரிவில் அதே சர்வேயை இரண்டு முறை எடுக்க இன்னும் வாய்ப்பிருந்தால், தலைமையாசிரியரிடம் இப்போதே அனுமதி கேளுங்கள்.