பழைய விமானத்தில் வேகம் எங்கே ஒழுகுகிறது?

கேள்வி: 1940-களில் செய்த இரண்டு இருக்கை விமானம் வைத்திருக்கிறேன். மேல் இறக்கை, அதைத் தாங்கும் ஸ்ட்ரட், மடங்காத சக்கரங்கள், 85 குதிரைத்திறன் இன்ஜின். 160 கி.மீ. வேகத்தில் போகிறது. இன்ஜினை மாற்றாமல் 176 ஆக்க முடியுமா? சக்கர உறை மாட்டலாமா, பெயின்ட்டுக்கு பாலிஷ் போடலாமா?

பதில்: கேட்பது பத்து சதவீதம்தான். ஆனால் காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்; அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். அதே இன்ஜினை வைத்துக்கொண்டு பத்து சதவீதம் கூட வேண்டுமென்றால் இழுவையில் கிட்டத்தட்ட கால் பங்கு போயாக வேண்டும். ஒரே பொருளை வாங்கி மாட்டி இதைச் சாதிக்க முடியாது. பாலிஷ் கண்ணுக்குத்தான் அழகு.

முதலில், அந்த 160 உண்மையா? பழைய வேகமானியும், இன்ஜின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டரும் பொய் சொல்வது சகஜம். டேக்கோமீட்டர் கூட்டிக் காட்டினால், இன்ஜினின் முழுத் திறனை நீங்கள் இதுவரை பயன்படுத்தவே இல்லை! மூன்று திசைகளில் பறந்து, ஜி.பி.எஸ். வேகத்தைக் குறித்து, காற்றைக் கழித்துப் பாருங்கள்.

அடுத்தது ரிக்கிங், அதாவது இறக்கை முதலிய பாகங்கள் சரியான கோணத்தில் பொருந்தியிருப்பது. நேராகப் பறக்கும்போது கையை எடுத்தால் ஒரு பக்கம் சாய்கிறதா? விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்கிறதா? ஒரு இறக்கை கனத்தால் ஏலரானை (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அசையும் பலகை) எப்போதும் சாய்த்தே பிடிக்கிறீர்கள். அது ஓயாத பிரேக். தயாரிப்பாளர் தந்த அளவுகளின்படி இறக்கைக் கோணத்தையும், ஃப்ளாப் (தரையிறங்கும்போது கீழே இறக்கும் பலகை) முழுதாக மேலே பொருந்துகிறதா என்பதையும் உரிமம் பெற்ற மெக்கானிக்கை வைத்துச் சரிபார்க்கவும். பெரும்பாலும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிராது.

பிறகு உருண்டையான பொருள்களைத் தேடுங்கள். ஒரே தடிமனில், உருண்டைக் குழாய் தரும் இழுவை மீன் வடிவக் குழாயைவிடச் சுமார் பத்து மடங்கு. பிரேக் குழாய், படி, ஆன்டெனா எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஸ்ட்ரட் இறக்கையோடு சேரும் மூலையையும் மூட வேண்டும். சக்கர உறை நல்லதுதான், ஆனால் டயரை ஒட்டி இருக்க வேண்டும். அடியில் வாயைப் பிளந்து நின்றால் பயன் குறைவு. சேறு படிந்தால் எடையும் கூடும்.

பலர் கவனிக்காத இடம் கவுலிங், அதாவது இன்ஜினை மூடும் உறை. 1929-இல் லாக்ஹீட் ஏர் எக்ஸ்பிரஸ் விமானத்தின் திறந்த இன்ஜினுக்கு நாகா என்ற அமெரிக்க அரசு விமான ஆய்வு நிறுவனத்தின் கவுலிங்கைப் போட்டதும் வேகம் மணிக்கு 157 மைலிலிருந்து 177 ஆனது. உங்கள் இன்ஜின் ஏற்கெனவே மூடியதுதான், அத்தனை லாபம் வராது. ஆனால் உள்ளே போகும் காற்று சிலிண்டரைக் குளிர்விக்கும் துடுப்புகளுக்கு நடுவே போகாமல், விறைத்துப்போன ரப்பர் சீல்கள் வழியே நழுவினால் அது வெறும் இழுவை. இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், ஒளி கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் வெப்பமானி இல்லாமல் முன் திறப்பைச் சுருக்க வேண்டாம்.

ஏலரான் இடைவெளியை டேப் ஒட்டி மூடும் வேலை மட்டும் சொந்த முயற்சியில் வேண்டாம். டேப் பிரிந்து ஏலரான் சிக்கிக்கொள்ளலாம். ஏலரான் மேல் கூடுதல் பெயின்ட் அடித்தாலும் சமநிலை கெட்டு, வேகத்தில் படபடவென அதிர்ந்து உடையும் ஆபத்து உண்டு. உங்கள் மாடலுக்கென அங்கீகரித்த மாற்றத்தை மட்டும் செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அதே எடை, அதே உயரம், அதே ஆர்.பி.எம்.-இல் (இன்ஜின் சுழற்சி) திரும்ப அளந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். 176 வராமல் 170-இல் நின்றால்கூட நான் அதை நல்ல வேலை என்பேன்.