பி.டி. பருத்திப் புண்ணாக்குக்கு ‘மெட்டபாலிக் டெஸ்ட்’ எடுக்க வேண்டுமா?

கேள்வி: அரூர் பக்கம் பி.டி. பருத்தி வைக்கிறோம். மாடுகளுக்குப் பருத்திப் புண்ணாக்குதான். மரபணு மாற்றிய பருத்தி என்பதால், அந்தப் பாலைப் பேரனுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. ‘மெட்டபாலிக் டெஸ்ட்’ எடுத்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு தரகர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த ஆய்வு உண்மையானதுதான். ஆனால், உங்கள் புண்ணாக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

செடிக்குள் சர்க்கரை, அமினோ அமிலம், நச்சுப் பொருள் என்று ஆயிரக்கணக்கான சிறு வேதிப்பொருட்கள் உண்டாகின்றன. புது மரபணுவை நுழைத்ததால் இவற்றில் ஏதாவது எதிர்பாராமல் கூடியதா, குறைந்ததா என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. ஒரு ரகத்தை அனுமதிக்கும் முன் பார்க்க வேண்டியது அது. பறித்த இலையை வயலிலேயே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் பாதுகாத்து அளக்க வேண்டும். மரபணு நுழைக்காத அதன் தாய் ரகத்தையும், வழக்கமான சில ரகங்களையும் அதே மண்ணில், அதே பருவத்தில் வளர்த்து ஒப்பிட வேண்டும். பயிரின் சத்து, நச்சு அளவுகளை ஒப்பிட ஐரோப்பாவில் குறைந்தது 8 இடங்களில், இடத்துக்கு 4 பாத்தி போடச் சொல்கிறார்கள். மழையும் மண்ணும் செய்யும் மாற்றம் மரபணு செய்வதைவிடப் பல நேரம் பெரிது என்பதே காரணம். ஒரே பாக்கெட் விதைதான் என்றாலும், மானாவாரிச் செடியும் கிணற்றுப் பாசனச் செடியும் ஒரே அளவு காட்டாது.

ஆலையில் சூடேறிப் பிழிபட்ட, எந்த ஊர்ப் பருத்தி என்றே தெரியாத புண்ணாக்கை எதனோடு வைத்து ஒப்பிடுவார்கள்? தரகர் காட்டும் தாளில் ‘மாதிரி வாடிக்கையாளர் கொடுத்தது’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்தத் தாள் அந்தப் பொட்டலத்துக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் மூட்டைக்குப் பொருந்தாது. ‘ஸ்ட்ரிப்’ சோதனை புழுவைக் கொல்லும் பி.டி. புரதம் இருக்கிறதா என்று சொல்லும், பி.சி.ஆர். மரபணு இருக்கிறதா என்று சொல்லும். கெடுதலா இல்லையா என்று இரண்டுமே சொல்லாது.

‘ஜி.எம்.’ (மரபணு மாற்றம்) இல்லாத புண்ணாக்கு என்று கூடுதல் விலை சொன்னாலும் ஏமாறாதீர்கள். நாட்டில் விளையும் பருத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி.தான். பில் இல்லாமல் விற்கும் ‘களைக்கொல்லி தாங்கும்’ பருத்தி விதையையும் தொடாதீர்கள். அதற்கு அனுமதியே கிடையாது.

பி.டி. பருத்திக்கு 2002இலும், இரண்டு மரபணு கொண்ட ரகத்துக்கு 2006இலும் அனுமதி கிடைத்தது. இத்தனை வருடம் கழித்தும், எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி வேளாண் விரிவாக்க மையத்தில் ஒட்டிவைக்க ஆளில்லை. தரகருக்கு அந்த இடைவெளி போதும்.

புழுவின் குடலில் வேலை செய்யும் பி.டி. புரதம் மாட்டின் வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலச் செரிக்கிறது. நீங்கள் பயப்பட வேண்டியது பூஞ்சணத்துக்கு. மழையில் நனைந்த பருத்திக்கொட்டையிலும் ஈரமான புண்ணாக்கிலும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சு உண்டாகும். மாடு தின்ற ஒரு நாளைக்குள் பாலில் இறங்கிவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். பூசணம் பிடித்த துண்டை மட்டும் உடைத்து எறிந்துவிட்டு மீதியைப் போடாதீர்கள். அந்த மூட்டையையே ஒதுக்குங்கள்.

கன்றுக்குட்டி விஷயம் வேறு. பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சு இயல்பாகவே உண்டு. நாட்டுப் பருத்தியிலும் உண்டு, பி.டி.யிலும் உண்டு. வளர்ந்த மாட்டின் அசையூண் வயிறு அதைப் பெரும்பாலும் கட்டிப்போடும். கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. காசிபால் இதயத்தைத் தாக்கும். கன்று மூச்சு வாங்கித் திடீரென விழுந்து சாகும். தாய்க்கு வைத்த தொட்டியில் கன்று வாய் வைக்கிறதா என்று பாருங்கள், கட்டும் இடத்தை மாற்றுங்கள். ‘கொஞ்சம்தானே தின்கிறது’ என்று விடாதீர்கள். தினமும் தின்னத் தின்ன உடம்பில் சேரும். நான்கு மாதம் வரை பருத்திப் புண்ணாக்கு, கொட்டை இரண்டுமே வேண்டாம். கடலைப் புண்ணாக்கு போதும், அதிலும் பூசணம் இல்லாமல் பாருங்கள்.

சோதித்தே ஆக வேண்டுமென்றால் அஃப்ளாடாக்சினையும் காசிபாலையும் சோதியுங்கள். மாதிரியை நீங்களே எடுங்கள். பல மூட்டைகளில் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்து, உடைத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோவாகும் வரை இப்படியே குறைத்து, இரண்டு பொட்டலமாகக் கட்டி, தேதியும் பில் எண்ணும் எழுதுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மற்றதை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு, கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.