வீட்டு மாதிரி ரயில்பாதையை மூன்று பேர் இடிபடாமல் இயக்குவது எப்படி?

கிளிநொச்சியில் வீட்டு அறையொன்றில் ஓமந்தை முதல் பளை வரையான பாதையை மாதிரியாக அமைத்திருக்கிறீர்கள். நண்பர்கள் சேர்ந்து ஓட்டினால் ஒருவரையொருவர் இடிக்கிறார்கள் என்கிறீர்கள்.

நடைவழியிலிருந்து தொடங்குங்கள். இருவர் முதுகு உரசாமல் கடக்க 75 முதல் 90 சென்ரிமீற்றர் வேண்டும். வடக்குப் பாதை ஒற்றைத் தடம். எதிரெதிர் ரயில்கள் நிலையத்தில்தான் விலகும். ஓட்டுபவர்கள் இருவரும் அங்கேதான் நிற்பார்கள். ஆகவே நிலையங்களின் முன்னால் வழியை இன்னும் அகலமாக விடுங்கள், அதற்காகக் கிளைத் தண்டவாளம் ஒன்றைக் கழற்ற நேர்ந்தாலும் பரவாயில்லை.

மேசையின் அகலம் கை எட்டும் அளவைத் தாண்டக்கூடாது. நான் முதலில் என் மாதிரியில் மாங்குளம் நிலையத்தைச் சுவரோரம் வைத்திருந்தேன். கவிழ்ந்த பெட்டியை எட்டி எடுக்கையில் சட்டைக் கை பட்டு, முன்னால் நின்ற சமிக்ஞைக் கம்பம் முறிந்தது. அன்றே நிலையத்தை முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

மேசைக்கு அடியால் குனிந்து நுழையும் வழி வேண்டவே வேண்டாம். அந்த இடத்தில் பிணைச்சல் பூட்டிய பலகை போடுங்கள். அதைத் தூக்கினால் இருபக்கத் தண்டவாளத்துக்கும் மின்சாரம் நிற்க வேண்டும், இல்லையேல் எஞ்சின் தரையில் விழும்.

பாதை மாற்றும் ஆளிகளை ஒரே பெட்டியில் குவிக்காமல், அந்தந்த நிலையத்துக்கு நேரே முன்விளிம்பில் பொருத்தி, பக்கத்தில் பெயரை எழுதுங்கள். புதியவருக்கு அதுவே பாதி உதவி. தேநீர்க் கோப்பை வைக்க, விளிம்புக்குக் கீழே சிறிய தட்டு ஒன்று பொருத்துங்கள்.

கோடையில் நம் செம்புழுதி தண்டவாளத்தில் படிந்து ரயில் விக்கி விக்கி ஓடும். ஆட்கள் வருமுன் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.