நொதித்த புழுத் தீவனம்: உறையில் உள்ளதை நம்பி வாங்கலாமா?

கேள்வி: உணவுக்காக மாவுப்புழுக்களை (ஒருவகை வண்டின் இளம்புழுக்கள்) சிறிய அளவில் வளர்த்து வருகிறேன். கோதுமைத் தவிட்டை ஈரத்தோடு நொதிக்கவைத்து, காற்றுப் புகாத பையில் அடைத்து விற்கிறார்கள். ‘கிருமியும் நச்சும் இல்லாதது, எல்லாப் புழுக்களுக்கும் ஏற்றது’ என்று உறையில் அச்சிட்டிருக்கிறது. விலை சாதாரணத் தவிட்டைவிட அதிகம். கடைசியாக வந்த பை சற்று உப்பியும் இருந்தது. தொடர்ந்து வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அந்த உறை சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தவிட்டிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கி, அதன் பிஎச் அளவை (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4-க்கு அருகே இறக்கிவிடுவதால், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகுவது தடைபடுகிறது என்பது உண்மை. எனினும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ கிருமியின் வித்துகள் (கிருமி உறங்கிக் கிடக்கும் கடினமான வடிவம்) அந்தப் புளிப்பையும் தாங்கி நிற்கும்; பூஞ்சை பிடித்த தானியத்திலிருந்து வந்த அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சை நொதித்தல் முழுவதுமாக நீக்கிவிடும் என்று நம்பவும் முடியாது. கெட்ட தவிடு நொதித்தாலும் கெட்ட தவிடுதான். ஆகவே, மூலத் தவிட்டுக்குப் பூஞ்சை நச்சுப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பை உப்பியிருப்பது மட்டும் குற்றமாகாது. சிலவகை லாக்டிக் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும் கரியமில வாயுவை வெளியிடும். திறந்தவுடன் தெளிவான புளிப்பு வாசனை வந்தால் கவலை இல்லை. ஊசிப்போன வெண்ணெயின் நாற்றமோ அழுகல் வாடையோ அடித்தால், அல்லது மேலே வண்ணப் பூஞ்சை படர்ந்திருந்தால், படம் எடுத்துவைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

‘எல்லாப் புழுக்களுக்கும்’ என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள் 60 முதல் 70 சதவீத ஈரத்தில் செழிப்பவை. மாவுப்புழுக்களோ உலர்ந்த தவிட்டுப் படுக்கையில் வாழ்பவை. ஈரத் தீவனத்தைப் படுக்கை முழுவதும் கலந்தால் பூஞ்சையும் சிற்றுண்ணிகளும் பெருகும். ஒரு சிறு தட்டில் கொஞ்சமாக வைத்து, மிச்சத்தை மறுநாளே அகற்றிவிடுங்கள்.

விலையை உலர் எடைக்குக் கணக்கிட்டே ஒப்பிட வேண்டும். 60 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ பையில் உண்மையான தீவனம் 400 கிராம்தான், மீதி நீர். ஈர அளவை அச்சிடாத பையின் விலையை எதனோடும் ஒப்பிட முடியாது.

எந்தத் தீவனமாக இருந்தாலும், அறுவடைக்கு முன் குறைந்தது 24 மணி நேரம் புழுக்களைப் பட்டினி போட்டு, பின்னர் நன்கு வேகவைத்தே உண்ணுங்கள். அதன் பிறகும் புழுக்களின் குடலில் தவிட்டின் புரதம் மிஞ்சக்கூடும் என்பதால், கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அவற்றைப் பரிமாற வேண்டாம்.